யாரைப் பிடிக்க வேண்டும்?

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெல்பேர்ணிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். தாவரவியலில் கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்துப் பட்டமும் பெற்றிருக்கிறாள். சுகநலம் விசாரித்த பின்னர் சற்றுத் தயங்கி, "மாமா, யாழ்ப்பாணக் கம்பஸில வேலை எடுக்கிறதெண்டா ஆரைப் பிடிக்க வேணும்?" என்று கேட்டாள்.

ஆறு வயதில் நாட்டை விட்டுச் சென்ற பிள்ளை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பேசும்போது பாதிச் சொற்கள் ஆங்கிலத்தில் வந்து விழும். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிசகில்லாமல் எங்கள் ஊர்ப் பேச்சிலே சொன்னாள். வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டுக் கேட்டுப் படிந்த வாக்கியமாக இருக்க வேண்டும். வேலை ஒன்று என்றால் ஆளைப் பிடிக்க வேண்டும். ஆளைப் பிடிக்காதவனுக்கு வேலை கிடையாது. இது எங்கள் சமூகத்தில் வேதவாக்கு.

"ஒருத்தரையும் பிடிக்கத் தேவையில்லைப் பிள்ளை, விளம்பரம் வரும், விண்ணப்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பின்னர்தான் மனம் உறுத்தியது. நான் சொன்னது முழு உண்மையா? முப்பது வருடங்களுக்கு முன்னர் என் தந்தையார் இதே சொற்களைச் சொல்லி என்னைக் கடிந்தவர். அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆகவே இந்த நாட்டில் பல்கலைக்கழக வேலைகளை எங்களவர்கள் எவ்வாறு தேடிக் கொண்டார்கள் என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிச் சென்று பார்க்கலாம் என்று தோன்றியது.

கொழும்பு தேர்ஸ்டன் வீதியில் 1921 ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் முதல் அதிபர் றொபேர்ட் மார்ஸ். சொந்தமாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை. மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர். அக்காலத்தில் கெட்டிக்காரப் பட்டதாரி ஒருவனின் முதற் கனவு சிவில் சேவையாகவே இருந்தது. விரிவுரையாளர் பதவியை நாடியவர்கள் சிலரே. கற்பித்தவர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறியக்கூடிய அளவுக்குச் சிறிய கூட்டம். அந்த உலகில் வேலை என்பது ஆசிரியர் ஒருவரின் வாயிலிருந்தே பிறந்தது. தன் மாணவனின் திறமையை அறிந்த பேராசிரியர் அவனை மேற்படிப்புக்கு லண்டனுக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அமர்த்திக் கொள்வார். இதையும் ஆளைப் பிடித்தல் என்று சொல்லலாம். ஆனால் இங்கே பிடித்தவர் ஆசிரியர், பிடிபட்டவனே மாணவன்.

1942 ஜூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதலாவது துணைவேந்தர். அடுத்த வருடம் தமிழ்ப் பேராசிரியர் பதவிக்கு வந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவருடைய வரலாற்றை வேலை தேடும் ஒருவரின் கண்ணால் பார்த்தால் வியப்பாக இருக்கும். காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறியவர், பாடசாலை அதிபராக இருந்து துறவு பூண்டவர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சென்று, இரண்டு வருடங்களில் அதை விட்டு மீண்டும் மிஷன் பணிக்குத் திரும்பியவர். இமயமலைச் சாரலில் மாயாவதியில் இருந்து 'பிரபுத்த பாரத' சஞ்சிகையின் ஆசிரியராகவும் பணி புரிந்திருக்கிறார். அந்த வகையில் அவரும் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர் என்று நாங்கள் உரிமை கொண்டாடுவதுண்டு.

கலாநிதிப் பட்டம் அவரிடம் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது பழந்தமிழ் இசை பற்றிய பல்லாண்டு கால ஆராய்ச்சி. அதன் பயனான யாழ் நூல் 1947 ஜூன் மாதம் அரங்கேறியது; அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். பேராசிரியராக அவர் இருந்த காலம் நான்கு வருடங்கள்தாம். இன்றைய நியமன விதிகளை அவர் முன் விரித்து, இந்தக் கட்டத்தில் முதுமாணிப் பட்டத்தின் விபரத்தையும் அந்தக் கட்டத்தில் கலாநிதிப் பட்டத்தின் விபரத்தையும் நிரப்புங்கள் என்று கேட்டால், துறவி என்ன செய்திருப்பார் என்று நான் சில சமயங்களில் யோசித்ததுண்டு. பெரும்பாலும் புன்னகையோடு எழுந்து போயிருப்பார்.

அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த க. கணபதிப்பிள்ளையோ லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பருத்தித்துறைப் பக்கத்துப் புலோலி மண்ணின் பேச்சை நாடகமாக்கியவர் என்று நாம் அவரை நினைவு கூர்கிறோம். ஆனால் தமிழ் படிப்பிக்க மேலைத்தேயக் கலாநிதிப் பட்டம் வேண்டும் என்ற எண்ணம் ஊன்றியதும் ஏறத்தாழ அவர் காலத்திலேதான். விபுலாநந்தர் வந்த வாசல் அவருக்குப் பின்னால் மெல்லச் சாத்தப்பட்டு, வேறொரு வாசல் திறந்தது எனலாம்.

இனி வருவது பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் சற்றுப் பொறாமையோடு பேசும் கதை.

க. கைலாசபதி 1933 இல் கோலாலம்பூரில் பிறந்தவர். பேராதனையில் பட்டம் பெற்று 1957 இல் லேக்ஹவுஸ் 'தினகரன்' ஆசிரிய பீடத்தில் சேர்ந்து, 1959 இல் அதன் ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது 26. ஒரு தேசிய நாளிதழின் ஆசிரியர் நாற்காலி அந்த வயதில் கிடைத்தால், எங்களில் பலர் இளைப்பாறும்வரை அதை விட்டு எழும்ப மாட்டோம். அவரோ இரண்டு வருடங்களில், 1961 இல், அதை விட்டுப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப்படியான உதவி விரிவுரையாளர் பதவிக்குப் போனார். அங்கிருந்து பேர்மிங்ஹாம் சென்று, ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆய்வு செய்து கலாநிதியானார். சங்க இலக்கியத்தைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்ட அந்த ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் பதிப்பாக வெளிவந்தது.

கார்த்திகேசு சிவத்தம்பியும் நேர்ப்பாதையால் வந்தவரல்லர். சாஹிராக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். பின்னர் பாராளுமன்றத்தில் உடனிகழ் மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றினார். 1965 இல் வித்தியோதயப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவரும் அதே தொம்சனிடம் ஆய்வு செய்து 1970 இல் பட்டம் பெற்றார். உறுப்பினர்களின் ஏச்சுப் பேச்சுக்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு அந்தக் கணத்திலேயே மாற்றிக் கொண்டிருந்த ஒருவர், பண்டைத் தமிழரின் நாடகம் பற்றி ஆராயப் போனதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

இவர்களுக்கு இந்த வழி எப்படித் திறந்தது? திறமை ஒரு காரணம். ஆனால் திறமை எக்காலத்திலும் இருந்திருக்கிறது. மற்றக் காரணத்தை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. 1960 ஆம் ஆண்டு சுயமொழிகளில் படித்த மாணவர்கள் முதன்முறையாகக் கலைப்பீடத்துக்குள் நுழைந்தனர். அதுவரை ஆங்கிலத்தில் மாத்திரம் நடந்த வரலாறு, புவியியல், பொருளியல் வகுப்புகளைச் சிங்களத்திலும் தமிழிலும் நடத்த வேண்டியதாயிற்று. வித்தியோதய, வித்தியாலங்கார பிரிவெனாக்கள் 1959 இல் பல்கலைக்கழகங்களாக்கப்பட்டிருந்தன. மாணவர் தொகை மளமளவென்று பெருகியது. திடீரென்று ஆட்கள் தேவைப்பட்டனர். பாடநூல் இல்லாத பாடத்தைத் தமிழில் சொல்லக்கூடியவர்கள் யார் என்று தேடியபோது, நாளாந்தம் உலக விடயங்களைத் தமிழில் எழுதிக் கொண்டும் பெயர்த்துக் கொண்டும் இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததில் வியப்பில்லை.

அதே மாற்றந்தான் பத்து வருடங்களில் வேறொரு வடிவத்தில் திரும்பி வந்தது. சுயமொழியில் கலைப்பட்டம் பெற்று வெளியேறியவர்களுக்கு வேலை இல்லை. ஒரு சிலரை விரிவுரையாளராக்கிய விரிவாக்கம் பல்லாயிரம் பேரை வேலையற்ற பட்டதாரியாக்கியது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் படித்த கிராமத்து இளைஞர்கள் அத்தனை பேர் எவ்வாறு திரண்டார்கள் என்பதற்கு இதுவும் ஒரு விடை.

வேலையைத் தேடிக் கொண்ட கதைகளோடு, கையிலிருந்த வேலையை விட்டு வேறு நாடுகளில் தேடிக் கொண்ட கதைகளையும் சொல்ல வேண்டும்.

கேம்பிறிட்ஜில் டிராக்கின் கீழ் ஆய்வு செய்த கணிதப் பேராசிரியர் சி. ஜே. எலியேசர் 1959 இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1968 இல் அங்கிருந்து மெல்பேர்ண் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கு. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1952 இல் கல்வித்துறை விரிவுரையாளரான தனிநாயகம் அடிகள் 1961 இல் மலாயாவில் இந்தியவியல் துறைக்குத் தலைவரானார். அவர் 1952 இலேயே 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கியிருந்தார். உலகத்துத் திராவிடவியலாளர்கள் அவரை அறிந்தது அதன் வழியாகவே. அவர் யாரையும் பிடிக்கப் போகவில்லை. சஞ்சிகை முன்னால் போய் அவருக்காகப் பேசியது. அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சன் 1972 இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

ஸ்ரான்லி தம்பையாவின் கதை சற்று வேறு. 1955 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் விரிவுரையாளரானார். அடுத்த வருடம் ஜூன் மாதம், சிங்களம் மட்டும் சட்டம் வந்த நாட்களில், மாணவர்களுடன் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் கள ஆய்வில் இருந்தபோது அங்கே இனக் கலவரம் மூண்டது. ஆராயச் சென்ற இடத்திலேயே தானும் ஒரு பக்கத்து ஆள் என்று ஆகிவிட்ட அனுபவம் அது. 1960 இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தை விட்டுத் தாய்லாந்தில் யுனெஸ்கோ பணிக்குப் போனார். பின்னர் கேம்பிறிட்ஜ், சிக்காகோ, இறுதியில் ஹார்வார்ட். மானிடவியல் அறிஞராக உலகப் புகழ் பெற்றார். அவருக்கு அது இலாபமா நட்டமா என்று கேட்பது வீண். பேராதனை மாணவர்களுக்கு அது நட்டமென்பதில் ஐயமில்லை.

1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது எங்கள் ஊரில் வேலை என்ற சொல்லுக்கே புதிய பொருள் வந்தது. தமிழரசுக் கட்சியினர் கேட்டது திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம். கிடைத்தது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். அதனால் திறப்பு விழாவின்போது மகிழ்ச்சியை விடக் கோபமே பலரிடம் இருந்தது என்று முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சேர் பொன். இராமநாதனின் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்கள் திருநெல்வேலியில் வளாகத்தின் மையமாயின. கைலாசபதி முதல் தலைவர். அரசாங்கத்துக்கு வேண்டியவர் என்பதால் கிடைத்த பதவி என்று அவரது எதிரிகள் சொன்னார்கள். அவ்வாறே இருந்தாலும், அந்த நாற்காலியில் இருந்து அவர் சேர்த்த ஆட்களைப் பார்த்தே அவரை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா பேராதனையிலிருந்து வந்தார். பின்னர் சிவத்தம்பி வந்தார். சு. வித்தியானந்தன் 1977 இல் தலைவராக வந்து, 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரானார். கொழும்பிலும் கண்டியிலும் வீடு வாசலோடு இருந்தவர்கள் குடும்பங்களைக் கிளப்பிக் கொண்டு வந்தார்கள். இத்தகைய ஓர் ஆட்சேர்ப்பு எங்கள் மண்ணில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பேராசிரியர்களைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தால் கதை பாதிதான். ஒரு பல்கலைக்கழகம் என்றால் எழுதுவினைஞர், நூலக உதவியாளர், ஆய்வுகூட உதவியாளர், சாரதி, காவலாளி, தோட்டப் பணியாளர் என்று ஒரு சிறு நகரமே அதன் சம்பளத்தில் வாழும். அந்த வேலைகளைக் கண்டுபிடிக்கும் வழி வேறு. 1977 இல் ஆட்சி மாறிய பின்னர் அரச வேலைகளுக்குப் பாராளுமன்ற உறுப்பினர் கையால் வேலைவாய்ப்புப் படிவம் பெற வேண்டும் என்ற நடைமுறை வந்தது. படிவம் கிடைத்தவன் அதைக் கோயில் திருநீற்றைப் போல மடித்துச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்ததை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். படிவம் ஒழிந்த பிற்காலத்திலும், கல்வி சாரா நியமனங்களில் அமைச்சிலிருந்து பெயர்ப்பட்டியல் வருகிறது என்று தொழிற்சங்கங்கள் குற்றஞ்சாட்டியே வந்திருக்கின்றன. என் தந்தையார் 'ஆளைப் பிடித்தல்' என்று சொன்னது இதைத்தான். விபுலாநந்தருக்கு நடந்ததையும் படிவக்காரனுக்கு நடந்ததையும் ஒரே சொல்லால் சொல்லி வந்ததில்தான் எங்கள் குழப்பம் இருக்கிறது.

என் கதையையும் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்.

நான் சிறப்புக் கலைப்பட்டத்தில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் சித்தியடைந்தது 1993 இல். தரைப்பாதை மூடப்பட்டு மூன்று வருடங்களாகியிருந்தன. மின்சாரம் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம். உள்ளூர்ப் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகின. கொழும்புப் பத்திரிகை என்பது கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்து வருபவர்களின் பைக்குள் மடிந்து நனைந்து வந்து சேரும் ஓர் அரும்பொருள். 1994 இல் ஒரு நாள், அவ்வாறு வந்த உறவினர் ஒருவர் கொண்டு வந்த ஞாயிறு இதழில், வேறொரு பல்கலைக்கழகத்தில் என் துறையில் தற்காலிக உதவி விரிவுரையாளர் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டேன். கேட்ட தகுதி அத்தனையும் என்னிடம் இருந்தது. இதழின் திகதியைப் பார்த்தேன். மூன்று வாரப் பழசு. விண்ணப்ப முடிவுத் திகதி நான்கு நாட்களுக்கு முன்னர் கடந்து விட்டிருந்தது.

இருந்தும் விண்ணப்பித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், பத்திரிகை இன்றுதான் கிடைத்தது என்று தனியாக ஒரு கடிதமும் வைத்தேன். கடிதத்தைத் தெற்கே போகும் ஒருவரிடம் கொடுத்து அங்கே தபாலிடச் செய்தேன். இரண்டு மாதங்களின் பின் ஒரு வரியில் பதில் வந்தது: முடிவுத் திகதிக்குப் பின் கிடைத்த விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படமாட்டா. அந்த வரியில் தவறு எதுவும் இல்லை. அது விதி. விதியை எழுதியவர் கடனீரேரியை நினைத்திருக்க மாட்டார், அவ்வளவே.

தந்தையார் அதை நம்பவில்லை. "திகதி எல்லாம் சாட்டுத் தம்பி. நீ ஒருத்தரையும் பிடிக்கேல்லை, அதுதான்" என்றார். 2009 இல் கண்மூடும் வரை அவர் அந்தக் கருத்தை மாற்றிக் கொள்ளவில்லை. நானும் பல காலம் அரைகுறையாக அதையே நம்பினேன். அந்த இடத்துக்கு வந்தவர் யாரோ ஒருவரின் செல்லப்பிள்ளையாக இருக்க வேண்டும் என்று எண்ணிக் கொள்வதில் ஓர் ஆறுதல் இருந்தது. பத்து வருடங்கள் கழித்து அவர் ஒரு நூல் எழுதினார். எங்கள் வாரமலருக்கு மதிப்புரைக்காக வந்தது. ஆசிரியர் அதை என் மேசையில் வைத்தார். ஓர் இரவு முழுவதும் குறை தேடி வாசித்தேன். நல்ல நூல். அவ்வாறே எழுதினேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது நாங்களும் பெயர்ந்து, அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து சேர்ந்தேன். பத்திரிகை வேலை எப்படிக் கிடைத்தது தெரியுமோ? விளம்பரமும் இல்லை, நேர்முகப் பரீட்சையும் இல்லை. எங்கள் ஊரவர் ஒருவருக்கு ஆசிரியரைத் தெரியும். கையைப் பிடித்து அழைத்துக் கொண்டு போனார். திங்கட்கிழமை போனேன், செவ்வாய்க்கிழமை ஒப்புநோக்கும் மேசையில் இருந்தேன். பல்கலைக்கழகங்களின் வெற்றிட விளம்பரங்கள் அச்சுக்குப் போகுமுன் எழுத்துப் பிழை பார்ப்பதும் அந்த மேசையின் வேலைகளில் ஒன்று. முடிவுத் திகதியை நான் எப்போதும் இரண்டு தரம் பார்ப்பேன்.

1997 இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிட்ட 721 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் விரிவுரையாளர் நியமனத்துக்கு வேண்டிய வகுப்பு, பட்டம், அனுபவம் எல்லாவற்றையும் வரையறுத்தது. அதன் கெடுபிடியைப் பற்றிக் குறைப்படாத விரிவுரையாளரை நான் சந்தித்ததில்லை. கைலாசபதியைப் போல ஒருவர் இன்று ஆசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தால் அவரை உள்ளே விட இந்த விதிகள் இலகுவில் இடங்கொடா என்பதும் உண்மை. ஆனால் ஆதரவற்ற கிராமத்துப் பிள்ளை ஒருத்தி, யாரையும் தெரியாமல், முதல் வகுப்புச் சான்றிதழை மாத்திரம் வைத்துக் கொண்டு தெரிவுக் குழுவின் முன் போய் உட்கார முடிவதும் இதே விதிகளால்தான். மேதைகளை இழக்கும் விதி, சாதாரணர்களைக் காக்கிறது. எதைத் தெரிவு செய்வது என்று கேட்டால், படிவக் காலத்தைக் கண்ட நான் விதியின் பக்கமே நிற்பேன்.

இருக்கும் இடத்துக்கு ஆட்கள் வருவார்களா என்பதே இன்றைய கேள்வி. இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 ஆந் திகதி, வீட்டுக்குத் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சி. ரவீந்திரநாத் 2006 டிசெம்பரில் கொழும்பில் வைத்துக் காணாமற் போனார், இன்றுவரை திரும்பவில்லை. போர் முடிந்த பின்னர் கட்டடங்கள் எழும்பின. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அடுத்த வருடமே பொருளாதாரம் சரிந்தது. மேற்படிப்புக்கென்று விடுமுறையில் வெளிநாடு போன இளம் விரிவுரையாளர்கள் பலர் பிணைப் பணத்தைக் கட்டிவிட்டு அங்கேயே தங்கினர். சிலர் கட்டாமலும் தங்கினர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவையெல்லாவற்றையும் மருமகளுக்கு எடுத்துச் சொல்ல எண்ணி அடுத்த ஞாயிறு நானே அழைத்தேன். எலியேசரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "மாமா, லா ட்ரோப்பிலதான் நான் படிச்சனான்" என்றாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவள் கேட்க விரும்பியதோ வேறு. வெளிநாட்டுப் பட்டத்தை இங்கே ஏற்றுக் கொள்வார்களா, தமிழில் கட்டாயம் படிப்பிக்க வேண்டுமா, சம்பளத்தில் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கலாமா. விஞ்ஞான பீடத்தில் ஆங்கிலத்தில்தான் படிப்பிப்பார்கள் என்றதும் சற்று ஏமாந்தவள் போலத் தோன்றியது. தாவரங்களின் தமிழ்ப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாளாம்.

"அம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"விசர் எண்டு சொல்லுறா."

விண்ணப்பப் படிவத்தைப் பார்த்து விட்டாள். நடுவர்கள் இருவரின் பெயரும் தயார். இரட்டைப் பிரஜாவுரிமைப் பத்திரந்தான் இன்னும் வரவில்லை. அவளுடைய பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை நானே செய்து அனுப்பினேன். முப்பது வருடப் பத்திரிகைக்காரனின் மொழிபெயர்ப்பு செல்லாதாம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டுமாம். நாளை காலை அதற்காகப் புதுக்கடைப் பக்கம் போக வேண்டும். முடிவுத் திகதிக்கு இன்னும் பதினாறு நாட்கள் இருக்கின்றன.